மூக்கக்காவின் மூக்கு

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் பால் குளிரூட்டும் நிலையத்தில் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்றுதான் பதில் வரும். மூக்கக்கா என்று கேட்டுப் பாருங்கள். வாசல் காவல்காரர் முதல் மேனேஜர் வரை அத்தனை பேரும் மேடைப் பக்கம் கையை நீட்டுவார்கள்.

மேடை என்பது லாரி பின்பக்கம் வந்து அணைந்து நிற்கும் உயரத்துக்குக் கட்டின சிமெண்டுத் தளம். விடிந்ததும் பால்காரர்கள் அங்கே அலுமினியக் கேன்களோடு வரிசை கட்டி நிற்பார்கள். கேன் ஒவ்வொன்றாக முன்னால் நகர்ந்து வரும். மூக்கக்கா மூடியை உள்ளங்கையால் தட்டித் தூக்குவாள். மூடி திறக்கிற அந்த நொடியில், உள்ளே அடைபட்டுக் கிடந்த காற்று குப்பென்று மேலே வரும். அதற்கு மேடைக்காரர்கள் வைத்திருந்த பெயர் 'முதல் மூச்சு'. பால் நல்லதா, கெடப் போகிறதா, மாடு தின்னக் கூடாததைத் தின்றதா, கேனைக் கழுவினார்களா இல்லையா, எல்லாம் அந்த முதல் மூச்சில் இருக்கும். அதைத் தவற விட்டால் போச்சு. இரண்டாவது மூச்சு வெறும் காற்று. முதல் மூச்சைப் பிடித்துவிட்டு அவள் "போகட்டும்" என்றால் பால் தொட்டிக்குப் போகும். "திரும்பட்டும்" என்றால் கேன் வந்த வழியே போகும். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

லேப் என்று ஒன்று இருந்தது. கண்ணாடிக் குழாய், மருந்து, வெள்ளைக் கோட்டு எல்லாம் இருந்தது. ஆனால் அங்கே சோதிப்பது 'போகட்டும்' ஆன பாலை மட்டும்தான். திரும்பின பாலை யாரும் சோதிப்பதில்லை. மூக்கக்கா மோந்தே பார்த்துவிட்டாளே, பிறகு எதற்கு என்பார்கள். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப் போகிற அநியாயம் முழுக்க இந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே நுழைந்தது.

ஏனென்றால், மூக்கக்காவுக்கு வாசனையே தெரியாது.

சிரிக்காதீர்கள். ஒரு காலத்தில் தெரிந்தது. பேர் வாங்கினதெல்லாம் பொய்யில்லை. மேடைக்கு வந்த புதிதில், மூடி முழுசாகத் திறப்பதற்குள் "இது நேத்து சாயங்காலப் பாலும் இன்னைக்குக் காலைப் பாலும் கலந்தது" என்று சொல்லிவிடுவாள். கொண்டுவந்தவன் திருதிருவென்று விழிப்பான். அப்படிப்பட்ட மூக்கு.

அதற்கும் முன்னால், அவள் வயசுப் பெண்ணாக இருந்தபோது, இடது மூக்கு மட்டும் அடைத்துக்கொண்டே இருந்தது. ஜலதோஷம் என்றார்கள். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். சொட்டு மருந்து விட்டார்கள், ஆவி பிடிக்கச் சொன்னார்கள். ஒரு பக்கம் மட்டும் அடைக்கிற ஜலதோஷம் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கடைசியில் ஒரு டாக்டர் விளக்கைக் காட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள சதை வளந்திருக்கு, ஒண்ணுமில்ல" என்று மரத்துப்போக மருந்தடித்து, கம்பிச் சுருக்கு ஒன்றை உள்ளே விட்டு இழுத்தார். வழுவழுவென்று ஏதோ வந்து கிண்ணத்தில் விழுந்தது. "முடிஞ்சுது, போ" என்றார். நிஜமாகவே முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் காற்று தாராளமாகப் போய் வந்தது. அந்தக் காற்றில்தான் அவள் மூக்கக்கா ஆனாள்.

முடியவில்லை. சதை திரும்ப வளர்ந்தது. மெதுவாக, சத்தமில்லாமல், கடன்காரன் கதவோரம் வந்து நிற்பது போல வளர்ந்தது. முதலில் இடது பக்கம் அடைத்தது. அப்புறம் வலது பக்கமும் மந்தமாயிற்று. குரல் மாறியது. வாய் திறந்தபடியே தூங்கினாள். குறட்டை சுவரைத் தாண்டிப் போனது. புருஷன் என்று ஒருத்தர் இருந்தார். குறட்டை தாங்கவில்லை என்று முதலில் கூடத்துக்குப் போனார், பிறகு மொட்டை மாடிக்குப் போனார், பிறகு வேறொருத்தி வீட்டுக்கே போய்விட்டார். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். வாழ மனசில்லாதவனுக்குக் குறட்டை ஒரு சாக்கு.

வாசனை என்றைக்குப் போயிற்று என்று அவளுக்கே தேதி தெரியாது. ஒரு காலையில் மூடியைத் திறந்து குனிந்தாள், ஒன்றுமே வரவில்லை. இன்னொரு கேன். ஒன்றுமில்லை. வரிசையில் அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கே மேனேஜரிடம் போய், "எனக்கு மூக்கு போயிடுச்சு, கேன் கழுவுற வேலை குடுங்க" என்று சொல்லியிருக்கலாம். வைத்தியம் பார்க்க லீவு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. புருஷன் போன சமயம் அது. இருந்த ஒரே கௌரவம் அந்த மூக்கு. அதையும் விட்டுவிட்டு வெறும் பெண்பிள்ளையாய் நிற்க அவளுக்கு மனசு வரவில்லை. தலை நிமிர்ந்தபோது எதிரே கேன்காரனின் முகம் தெரிந்தது. அவன் தேவையில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான். "திரும்பட்டும்" என்றாள். அவன் முணுமுணுப்புக்கூட இல்லாமல் கேனை எடுத்துக்கொண்டு போனான். அதாவது பால் கெட்டதுதான். சரியாகப் போச்சு.

அன்றிலிருந்து அவள் முகத்தை மோந்து பார்க்க ஆரம்பித்தாள்.

கெட்ட பால் கொண்டுவருகிறவன் நிறையப் பேசுவான். கேனை அவனே தள்ளிக் கொடுப்பான். இல்லாவிட்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பான். நல்ல பால்காரன் கொட்டாவி விடுவான். இப்படி ஒரு சாத்திரத்தை அவளாக எழுதிக்கொண்டாள். சந்தேகம் வந்தால் 'திரும்பட்டும்'. கெட்ட பால் ஒன்று உள்ளே போய்த் தொட்டி முழுக்கத் திரிந்தால்தானே குட்டு வெளிப்படும். நல்ல பால் நாலு திரும்பிப் போனால் யாருக்குத் தெரியப் போகிறது. லேப்காரர்கள், "மூக்கக்கா கை வச்சா தொட்டி கெட்டதே இல்ல" என்று பெருமை பேசினார்கள். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று எவனோ சொல்லிவிட்டுப் போனான். சொன்னவன் பால் மேடையில் நின்றிருக்க மாட்டான். அங்கே முகத்தில் தெரிவது பயம் மட்டும்தான். பயம் திருடனுக்கும் வரும், திருடாதவனுக்கும் வரும்.

அந்த வரிசையில் அவளுடைய தங்கச்சியும் நின்றாள்.

தங்கச்சிக்கு நாலு மாடு. அவள் புருஷன் ஊர் ஊராகக் கட்டட வேலைக்குப் போகிறவர், வீட்டில் இருக்கிற நாள் குறைவு. மாடுதான் அந்த வீட்டைத் தாங்கியது. அதிலும் கறுப்பி என்று ஒரு மாடு, குடம் குடமாய்க் கறக்கும். அக்காவும் தங்கச்சியும் பேசிக்கொள்வதில்லை. அக்கா புருஷன் வீட்டை விட்டுப் போன அன்று தங்கச்சி வந்து, "நீயும் கொஞ்சம் வைத்தியம் பாத்திருக்கலாமேக்கா. அவர மட்டும் குத்தம் சொன்னா எப்படி?" என்று கேட்டுவிட்டாள். கேட்டிருக்கக் கூடாதுதான். எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுகிற மாதிரிக் கேள்வி. ஆனால் பாருங்கள், வைத்தியம் பார்த்திருக்கத்தான் வேண்டும். சரியான வார்த்தையைச் சரியில்லாத நேரத்தில் சொன்னதற்காக அந்தக் கதவு சாத்தப்பட்டது.

அதற்கப்புறம் மேடையில் அக்கா முன்னால் வந்து நிற்கிறபோதெல்லாம் தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். மூடி திறக்கும், இவள் நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பாள், அந்த முகம் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஏதோ மறைக்கிறாள் என்று சாத்திரம் சொல்லும். "திரும்பட்டும்." வாரத்தில் இரண்டு தடவை, சில வாரம் மூன்று தடவை. தங்கச்சி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். கேனை இடுப்பில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். பகை கொஞ்சம்கூடக் கலக்கவில்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். கலந்த பாலில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கக் கருவி இருக்கிறது, மனசுக்கு இல்லை.

அடிக்கடி கேன் திரும்பினால் நிலையம் அந்த வீட்டுப் பாலையே நிறுத்திவிடும். அது சட்டம். புதுசாக ஒரு மாடு கறக்க வந்தால்தான் மறுபடி பெயர் பதியலாம். தங்கச்சி பாலை நிறுத்தினார்கள். மாடுகள் ஒவ்வொன்றாகப் போயின. கறுப்பி கடைசியாகப் போனது. கறுப்பியின் கன்றுக்குட்டியை மட்டும் எப்படியோ வைத்துக்கொண்டு, தங்கச்சி ஒரு துணிக் கம்பெனியில் சட்டைக்குப் பித்தான் தைக்கப் போனாள்.

மூக்கக்காவை ஆஸ்பத்திரிக்குத் துரத்தியது மூக்கு இல்லை, தொண்டை. விழுங்கும்போது எதுவோ குறுக்கே வந்து நின்றது. ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று வாயை ஆவென்று பிளந்து பார்த்தாள். உள்நாக்குக்குப் பின்னால், வெளிறிப் போய், வழவழவென்று ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. புற்றுதான் என்று முடிவே கட்டிவிட்டாள். மானம் போகும் என்று இத்தனை காலம் பூட்டி வைத்திருந்தவள், உயிர் போகும் என்றதும் அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில், "கூட யாராவது சொந்தக்காரங்க வரணும்" என்று சொல்லிவிட்டார்கள். சொந்தக்காரர்களுக்கு அவள் எங்கே போவாள். துணிக் கம்பெனி வாசலில் போய் நின்றாள். தங்கச்சி வெளியே வந்தாள், விரலில் ஊசி குத்தின தழும்புகளோடு.

"ஆஸ்பத்திரிக்குக் கூட வரணும்" என்றாள் மூக்கக்கா.

"எப்ப?" என்றாள் தங்கச்சி.

அவ்வளவுதான் கேட்டாள். ஏன் என்று கேட்கவில்லை, எதற்கு என்னிடம் வந்தாய் என்று கேட்கவில்லை. அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு அக்கா.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு சின்னப் பெண். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. மூக்கில் மரத்துப்போகிற மருந்தை அடித்துவிட்டு, முனையில் வெளிச்சம் எரியும் மெல்லிய குழாயை உள்ளே விட்டாள். பக்கத்தில் இருந்த திரையில் உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது. தங்கச்சி எதிரில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இடது பக்கம் முழுக்க ஒரே சதை. தோல் உரித்த திராட்சை மாதிரி, வெளுத்து, ஈரமாக மின்னியது.

"ரத்தம் வருதா?" என்று டாக்டர் கேட்டாள்.

"இல்ல."

"கண்ணு மறைக்குதா, கன்னம் மரத்துப் போகுதா?"

"இல்லம்மா. இது அந்த வியாதிதானே? சொல்லிடுங்க."

"எனக்கு அப்படித் தெரியலம்மா. மூக்குல சதை நிறையப் பேருக்கு வரும், ஆனா அது ரெண்டு பக்கமும் கொத்துக் கொத்தா வரும். ஒரே பக்கம், ஒத்தையா, தொண்டை வரைக்கும் தொங்குறது அபூர்வம். ஒரு பக்கம் மட்டும் வந்தா நாங்க ஜாக்கிரதையாத்தான் பாப்போம். ஸ்கேன் எடுப்போம், எடுத்த சதையையும் பரிசோதனைக்கு அனுப்புவோம். ஆனா இது பாக்குறதுக்குச் சாதுவாத்தான் இருக்கு." குழாயை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டாள். "வாசனை எப்பலருந்து தெரியல?"

மூக்கக்கா தங்கச்சி பக்கம் பார்க்கவில்லை. "வாசனையெல்லாம் தெரியுதே" என்றாள். பிறகு, "இப்ப கொஞ்ச நாளாத்தான் லேசா மந்தமா இருக்கு" என்று சேர்த்துக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்குச் சோறாவது நிறைய இருக்க வேண்டாமா.

"அப்படியா, பாத்துடலாம்" என்று டாக்டர் மேஜையிலிருந்து சின்னச் சின்னப் பாட்டில்களை எடுத்தாள். "கண்ண மூடிக்குங்க. நான் மூக்குகிட்ட ஒண்ணு காட்டுவேன். என்னன்னு சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, இது பரீட்சை இல்ல."

கண்ணை மூடிக்கொண்டாள். மேடையில் இத்தனை வருஷத்தில் அவள் ஒருமுறைகூடக் கண்ணை மூடினதில்லை. இருட்டில் அவளுக்கு ஒன்றுமே இல்லை. பாட்டில் மூடி திறந்த சத்தம் கேட்டது. பரீட்சை இல்லையாம். அவளுக்கு அது தூக்குமேடை. இமையை நூலளவு திறந்தாள். முதலில் டாக்டரின் முகத்தைத் தேடினாள், அங்கே முகமூடி இருந்தது. பார்வை அப்படியே நழுவித் தங்கச்சியின் முகத்துக்குப் போய், அங்கே எதையாவது பொறுக்க முடியுமா என்று தடவியது.

தங்கச்சிக்கு அந்தப் பாட்டிலில் இருந்தது காப்பித்தூள் என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தது. அந்த அறைக்கே தெரிந்திருக்கும். ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது பாட்டிலை அல்ல. பாதி மூடின அந்தக் கண்ணை அவளுக்குத் தெரியும். கேன் மூடி திறந்த நொடியில், தலை குனிந்திருந்தாலும் ஓரக்கண்ணில் படுகிற மாதிரி, தன் முகத்தின் மேல் வந்து உட்காருமே, அதே கண். அது கோபக் கண் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

"சோப்பு" என்றாள் மூக்கக்கா.

டாக்டர் அடுத்த பாட்டிலைத் திறந்தாள். கிராம்பு. "பழம்" என்றாள். மூன்றாவதுக்கு, "தெரியல" என்று ஒப்புக்கொண்டாள். தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஸ்கேன் படத்தை டாக்டர் விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினாள். "கன்ன எலும்புக்குள்ள காத்து நிக்குறதுக்கு ஒரு அறை இருக்கு. சதையோட வேர் அங்கதான். அங்கருந்து ஒரு காம்பு மூக்குக்குள்ள வந்து, பின்னாடி போய்த் தொண்டையில தொங்குது. முன்னால பாத்த டாக்டர் தொங்கினத இழுத்து எடுத்துட்டார், வேர விட்டுட்டார். அப்ப இந்தக் கருவியெல்லாம் வந்திருக்காது. வேர் இருந்தா மறுபடி முளைக்காம என்ன செய்யும்? மூக்கோட நடுத்தண்டும் வலது பக்கமா வளைஞ்சிருக்கு. அதனால ரெண்டு வழியும் அடைச்சுப் போச்சு."

அதுவரை வாயைத் திறக்காத தங்கச்சி கேட்டாள். "வாசனை போய் எவ்வளவு காலம் ஆகியிருக்கும் டாக்டர்?"

"சரியாச் சொல்ல முடியாதும்மா. எலும்பே ஒதுங்கிக் குடுத்திருக்கு பாருங்க. அதுக்கு வருஷக்கணக்கா ஆகும். அஞ்சாறு வருஷத்துக்குக் கொறையாது."

தங்கச்சி தலையை ஆட்டினாள். கறுப்பி போய் மூன்று வருஷம். அவள் கணக்குப் போட்டது முகத்தில் தெரியவில்லை. தெரிந்திருந்தால் மூக்கக்கா படித்திருப்பாள்.

ஆபரேஷன் நல்லபடியாகத்தான் நடந்தது. முகத்தில் கத்தி வைக்கவில்லை. மயக்கம் கொடுத்து, மூக்கு வழியாகவே குழாயை விட்டு, கன்ன அறையின் வாசலைப் பெரிதாக்கினார்கள். தொங்கிக்கொண்டிருந்த பெரிய துண்டை வாய் வழியாக எடுத்தார்கள். வேர் அறையின் முன்சுவரில், மூலையில் ஒளிந்திருந்ததாம். நேரான குழாய்க்கு எட்டாமல், முனை வளைந்த குழாயையும் வளைந்த கருவியையும் விட்டு, மேல் ஈறுக்குள்ளே ஒரு சின்னத் துளையும் போட்டு, சுரண்டி எடுத்தார்களாம். "அதுக்குத்தான் நேரம் ஆச்சு. இந்தத் தடவை வேரோட வந்துடுச்சு" என்று டாக்டர் தங்கச்சியிடம் சொல்லி, பாட்டிலில் கிடந்ததைக் காட்டினாள். நீளமாய், வெளிறிப்போய், வாலும் வயிறுமாகக் கிடந்தது. தங்கச்சி அதை ரொம்ப நேரம் பார்த்தாள். என் நாலு மாட்டைத் தின்றது இதுதானா என்று பார்த்திருப்பாள்.

மூக்கில் பஞ்சுத் திரி அடைத்து, கீழே கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். மத்தியானம் தங்கச்சி கட்டில் ஓரம் உட்கார்ந்து ஈரத் துணியால் அக்காவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பேசக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எதிர்ப்பேச்சு வராது என்ற தைரியமோ என்னவோ, தங்கச்சி பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"உனக்கு என் மேல கோபம், அதான் நீ வேணும்னே திருப்பி அனுப்பறன்னு நெனச்சேன். கறுப்பிய ஓட்டிட்டுப் போனப்பகூட அதத்தான் நெனச்சேன். என் பால் நல்ல பால்னு அக்காவுக்குத் தெரியும், தெரிஞ்சேதான் அனுப்பறா, என்னைக்காவது கோபம் ஆறும்னு. அது எனக்கு ஒரு ஆறுதலா இருந்துச்சுக்கா. நீ மோந்தே பாக்கல."

மூக்கக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. வாயைத் திறந்தாள். மன்னித்துவிடு என்று சொல்லப் போகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். நீங்களும் நினைத்திருப்பீர்கள்.

"நிலையத்துல சொல்லிடுவியா?" என்று கேட்டாள்.

பாவி. மயக்கம் தெளிந்து வாயில் வந்த முதல் வார்த்தை அது. தங்கச்சி துணியைப் பிழிந்து மறுபடி உதட்டைத் துடைத்தாள்.

"நான் எதுக்குச் சொல்லணும்? பேசாத, ரத்தம் வரும்" என்றாள்.

திரியை எடுக்கிற வரைக்கும் இருந்தாள். துணி மாற்றினாள், கழிவறைக்குக் கைப்பிடித்துக் கூட்டிப் போனாள், வீடு வரை கொண்டுவந்து விட்டாள். பரிசோதனை முடிவையும் அவள்தான் போய் வாங்கி வந்தாள். சாதாரணச் சதைதான், புற்று இல்லை. அதைச் சொல்லிவிட்டு வாசலோடு திரும்பினாள். உள்ளே வா என்று அக்கா கூப்பிட்டாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.

மூக்கைச் சிந்தக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, உப்புத் தண்ணீரால் தினமும் கழுவ வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கழுவினாள். பொருக்குப் பொருக்காக வந்தது. வாசனை உடனே வரவில்லை. ஒரு காலையில் கண் விழித்தபோது ஏதோ நாறியது. எலி செத்துவிட்டதா, சாக்கடை அடைத்துக்கொண்டதா என்று வீடெல்லாம் தேடினாள். கடைசியில்தான் விளங்கியது. போர்வை, தலையணை, திரைச்சீலை, பாத்திரம் கழுவும் தொட்டி, அவள் குடியிருந்த வீடே அப்படித்தான் நாறிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக அதற்குள்ளேதான் தூங்கி எழுந்திருக்கிறாள். திரும்பி வந்த மூக்கு முதலில் காட்டிக்கொடுத்தது அவளைத்தான். நாள் முழுக்கத் துவைத்தாள், தேய்த்தாள், துவைத்துக்கொண்டே அழுதாள்.

தொண்டையில் ஆபரேஷன் என்று மட்டும் சொல்லி லீவு எடுத்திருந்தவள் வேலைக்குத் திரும்பினாள். மேடையில் மூடியைத் தட்டித் தூக்கிக் குனிந்தாள். முதல் மூச்சு வந்தது. இளஞ்சூடாக, லேசான இனிப்போடு, வைக்கோல் வாசனை ஒன்று அடியில் ஓட, நல்ல பால். அடுத்ததும் நல்ல பால். ஒரு வருஷமாக அவ்வப்போது திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த ஒரு கிழவரின் கேன் வந்தது. கை நடுங்க நின்றார். பயம் இல்லை, நரம்புத் தளர்ச்சி. பால் தங்கம் போல இருந்தது. "போகட்டும்" என்றாள். கொட்டாவி விட்டுக்கொண்டு நின்ற ஒருவனின் கேன், கழுவாத கேன். "திரும்பட்டும்" என்றதும் அவன் வாயைப் பிளந்தான். வரிசையில் பேசிக்கொண்டார்கள், "ஆபரேஷனுக்கு அப்புறம் மூக்கக்காவுக்கு மனசு இளகிடுச்சுப்பா, முன்ன மாதிரி கேனைத் திருப்பறதில்ல." மனசாம். அவள் காதிலும் அது விழுந்தது. கேன் திறக்கிறபோதெல்லாம் கண் முதலில் முகத்துக்குத்தான் ஓடியது. அதை இழுத்துப் பிடித்துக் கீழே கொண்டுவருவதற்கு ஒவ்வொரு தடவையும் பாடுபட வேண்டியிருந்தது. ஆறு வருஷப் பழக்கத்தை எந்தக் குழாய் விட்டு எடுப்பது.

கறுப்பியின் கன்று வளர்ந்து ஈன்றிருந்தது. மூக்கக்காவுக்கு அது தெரியாது. ஒருநாள் காலை, வரிசையில் ஒரு சின்னக் கேன் நகர்ந்து முன்னால் வந்தது. மூடியில் கை வைத்த பிறகுதான் கேனைப் பிடித்திருந்த விரல்களில் ஊசித் தழும்பு இருந்ததைக் கவனித்தாள்.

தங்கச்சி தலையைக் குனிந்துதான் நின்றாள், எப்போதும் போல. இந்த ஒரு கேனுக்காகத்தான் அந்த மூக்கே திரும்பி வந்தது என்றுகூட மூக்கக்காவுக்குத் தோன்றியிருக்கும். மூடியைத் தட்டித் தூக்கினாள்.

தூக்கின அந்த நொடியில் அவள் கண் தங்கச்சியின் முகத்துக்குப் போய்விட்டது.

போனது தானாகத்தான். ஒரு இமைப்பு நேரம்தான். கோபமாக இருக்கிறாளா, மன்னித்துவிட்டாளா, எதற்கு வந்தாள் என்று அந்த முகத்தில் தேடினாள். தங்கச்சி மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள். பேச்சு விட்டுப்போன பிறகு அந்த வரிசையில் அவள் நிமிர்ந்தது அதுதான் முதல் தடவை. அக்காவின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தாள்.

"மூஞ்சியில என்னக்கா இருக்கு? பால் கீழ இருக்கு" என்றாள்.

மூக்கக்கா சட்டென்று குனிந்தாள். மூக்கைக் கேனின் வாய்க்குள்ளேயே கொண்டுபோய் இழுத்தாள். வெறும் காற்று. முதல் மூச்சு போய்விட்டிருந்தது. அது நல்ல பாலாகத்தான் இருக்கும், கறுப்பி வம்சத்துப் பால் வேறு எப்படி இருக்கும். ஆனால் தெரிந்து சொல்ல முடியாது. அது அவளுக்கும் தெரியும், எதிரே நின்றவளுக்கும் தெரியும்.

"போகட்டும்" என்றாள். பக்கத்தில் கேன் கழுவும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது, அந்த வார்த்தை அவர்கள் இரண்டு பேரைத் தாண்டிப் போகவில்லை.

"வேண்டாம்" என்றாள் தங்கச்சி. அக்காவின் கையிலிருந்து மூடியை வாங்கினாள். கேனை மூடி, ஒரு அழுத்து அழுத்தி, இடுப்பில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு வந்த வழியே நடந்தாள். வேகமாக நடக்கவில்லை. ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். அத்தனை பேர் எதிரில் இரண்டு வார்த்தை சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். மூக்கக்காவின் கால் மேடையை விட்டு இறங்கவில்லை.

வரிசையில் அடுத்து நின்றவர் தன் கேனை முன்னால் தள்ளினார். போகிறவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பின்னால் நின்றவரிடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"கூடப் பொறந்த தங்கச்சின்னுகூடப் பாக்கல பாருங்க, திருப்பி அனுப்பிட்டாங்க. மூக்குன்னா இதுதாங்க மூக்கு."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். மூக்கக்கா இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த கேனின் மூடியைத் தட்டித் தூக்கினாள்.